‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு!’

“நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு தம்பி!”

காலை பத்தரை மணிக்கு வந்து உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் இதே வாக்கியத்தை ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள். ஊர் வேறு, வயது வேறு, லேப்டாப் வேறு. வாக்கியம் மட்டும் ஒன்றே! நான் இருப்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருக்கும் லேப்டாப் சர்வீஸ் கடையில். அதுவும் கவுன்ட்டருக்கு வெளியே இல்லை, உள்ளே!

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகத் திரும்பி இந்தத் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், இங்கே பாதிப் பலகைகளில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். நாம் லேப்டாப்பைக் கொடுப்போம், துண்டுச்சீட்டு வாங்குவோம், கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். அந்தத் தடுப்புக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? எத்தனையோ வருட ஆசை எனக்கு. இன்றைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று நிபந்தனைகள். செருப்பைக் கழற்ற வேண்டும். மேசையில் எதையும் தொடக் கூடாது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். “நீங்க தும்முனா நாலு காம்பொனென்ட் பறந்துடும். அப்புறம் அரை நாள் தரையில தேடணும்” என்றார் கடைக்கார அண்ணன். சிரிக்கவே இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறார்!

இட்லித் தட்டில் திருகாணிகள்

முதலில் கண்ணில் பட்டது மைக்ராஸ்கோப்போ ஹாட் ஏர் மெஷினோ இல்லை. ஓர் எவர்சில்வர் இட்லித் தட்டு! லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றும்போது எந்த மூலைத் திருகாணி எந்தக் குழியில் என்று வரிசையாகப் போட்டுவைக்கிறார். ஏனென்றால் எல்லாத் திருகாணிகளும் ஒரே நீளம் இல்லை. குட்டை இருக்க வேண்டிய இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் அது நேராக மதர்போர்டில் போய்க் குத்தும். ரிப்பேர் செய்யப்போய் புது ரிப்பேர் வந்துவிடும்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர். லேப்டாப்பில் ஒரு கல்யாணத்தின் மொத்தப் படமும் இருக்கிறது. ஆல்பம் நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். காலையில் சுவிட்சை அழுத்தினால் விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை.

அண்ணன் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். அடுத்து ஒரே ஒரு திருகாணி. சூயிங் கம் பட்டை மாதிரி ஒன்றை உருவி எடுத்தார். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதுதான் எஸ்எஸ்டி. மொத்தக் கல்யாணமும் அதற்குள்! அதை ஒரு டப்பாவில் செருகித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் மணமகள் சிரித்தாள், தாலி கட்டும் படம் வந்தது, பந்தி வந்தது. “படமெல்லாம் பத்திரமா இருக்கு சார். இனிமே நிம்மதியா டீ குடிங்க.”

எனக்கே கண் கலங்கிவிட்டது. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்றுதானே நாம் நினைக்கிறோம்? அது வேறு, இது வேறு. சில மாடல்களில் எஸ்எஸ்டி போர்டோடு ஒட்டியே வரும். சிலவற்றில் பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருக்கும், திறக்க ரெகவரி கீ வேண்டும். அப்படி இல்லாத லேப்டாப்பில், போர்டு படுத்தாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

நாடி பார்க்கும் மீட்டர்

இப்போது போர்டு வெளியே வந்துவிட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, அதில் ஒரு நகரமே இருக்கிறது. அண்ணன் சார்ஜரை மாட்டவில்லை. டிசி பவர் சப்ளை என்ற பெட்டியிலிருந்து 19 வோல்ட் கொடுத்தார். அந்தப் பெட்டியில் வோல்ட் ஒரு பக்கம், ஆம்பியர் ஒரு பக்கம் எண்ணாக ஓடும். அவர் பார்ப்பது ஆம்பியரை மட்டும்தான்.

சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார் இல்லையா, அதே முகபாவம்! நல்ல போர்டு என்றால் சுவிட்ச் அழுத்தும் முன்பே 0.02 போல ஒரு சின்ன எண் நிற்குமாம். அது தூங்கும்போது விடும் மூச்சு. அழுத்தியதும் 0.2, 0.5, 0.9 என்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். எந்த எண்ணில் போய் நிற்கிறது, எங்கே விழுகிறது என்பதை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி சொல்லிவிடுவார்.

ஸ்டூடியோக்காரரின் போர்டு காட்டியது 0.00. சுவிட்சை அழுத்தினாலும் 0.00.

“செத்துப்போச்சா அண்ணே?” என்றேன்.

“அந்த வார்த்தையே இந்த மேசையில கிடையாது. எங்க நின்னுபோச்சுன்னு கேளுங்க.”

ஒரு விநாடிக்குள் ஒரு பந்தி

எங்கே நின்றது என்று கேட்க வேண்டுமானால், எப்படிப் போகும் என்று தெரிய வேண்டும். அதை அவர் சொல்லக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. நாம் சுவிட்சை அழுத்துகிறோம், லேப்டாப் வருகிறது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே நடப்பது ஒரு கல்யாணப் பந்தி!

இலை போடாமல் சோறு வருமா? அப்படித்தான். முதலில் 19 வோல்ட் உள்ளே வர வேண்டும். வாசலில் மாஸ்பெட் என்ற இரண்டு காவலாளிகள், எல்லாம் சரி என்றால்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே வந்த கரன்ட்டிலிருந்து 3.3 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தயாராகும். இவை எப்போதும் விழித்திருக்கும் இரண்டு பேர். இவர்களின் தெம்பில் ஒரு குட்டிச் சிப் கண் திறந்து, நம் விரலுக்காகக் காத்திருக்கும். பந்தி மேற்பார்வையாளர் அதுதான். விரல் பட்டதும் அது அடுத்த சிப்புக்குத் தகவல் சொல்ல, ராமுக்கு 1.2 வோல்ட், பிராசஸருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொருவரும் ‘எனக்கு வந்துடுச்சு’ என்று கை தூக்க வேண்டும். அந்தக் கைதூக்கலுக்குப் பெயர் ‘பவர் குட்’. ஒருவர் தூக்காவிட்டாலும் மொத்தப் பந்தியும் நின்றுவிடும்.

எல்லாரும் கை தூக்கிய பிறகுதான் பிராசஸருக்கு விடுதலை. அது எழுந்ததும் முதலில் எங்கே போகும் தெரியுமா? 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் இருக்கும் ஒரு முகவரிக்கு! இன்டெல் பிராசஸர்கள் கண் விழித்ததும் அங்கேதான் போய் நிற்கும். அந்த முகவரியில் காத்திருப்பது எட்டுக் கால் கொண்ட பயாஸ் சிப். ‘இனி இதைச் செய்’ என்ற முதல் சொல் அதனிடமிருந்துதான் வரும்.

இத்தனையும் நாம் விரலை எடுப்பதற்குள்! தினமும் காலையில் இந்தப் பந்தி ஒரு பிசகும் இல்லாமல் நடக்கிறதே, அதுவல்லவா அதிசயம்!

கடுகு சிறுத்தாலும்…

சரி, நம் பந்தி எங்கே நின்றது? அண்ணன் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் திருகாணி ஓட்டையில் வைத்தார். சிவப்பு முனையை 19 வோல்ட் பாதையில் தொட்டார். பீ…ப்!

“ஷார்ட்!” எனக்கே புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

கரன்ட் போகும் பாதை நேராகக் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வாசல் காவலாளிகள் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் கெபாசிட்டர்கள் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. எது திருடன்?

இனி நடந்ததுதான் இந்த நாளின் உச்சம். பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கு இறக்கினார். 19 கொடுத்தால் எரிந்துவிடும், 1 வோல்ட் என்றால் கோளாறான இடம் மட்டும் சுடும். ஐபிஏ என்ற ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் போர்டு முழுக்கத் தடவினார். போர்டு மழை நனைந்த தெருபோல மின்னியது. மின்சாரத்தை விட்டார். “பாருங்க, இப்ப பாருங்க!”

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஈரம், ஈரம், எங்கும் ஈரம். நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டென்று காய்ந்தது! அடுப்பில் வைத்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போல, அந்த ஒரு கெபாசிட்டரின் தலையிலிருந்து மட்டும் ஆல்கஹால் ஓடிப்போனது. மறுபடி தடவினார். மறுபடி அதே இடம் காய்ந்தது. பிடிபட்டான் திருடன்!

அதன் நீளம் 2 மில்லிமீட்டர், அகலம் ஒன்றேகால் மில்லிமீட்டர். இரண்டு கடுகை ஒட்டி வைத்த அளவு. அதற்குள் பீங்கானும் உலோகமுமாக மெல்லிய அடுக்குகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். உள்ளே ஒரு கீறல் விழுந்து உலோக அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, இது ஒரு கல்யாண ஆல்பத்தையே நிறுத்திவைத்த காரம்!

ஃப்ளக்ஸ் ஒரு சொட்டு, ஹாட் ஏர் சில விநாடி, ட்வீசரால் ஒரு கிள்ளு. வந்துவிட்டது. மல்டிமீட்டரால் தொட்டால் பீப் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய போர்டை எடுத்து, அதே மதிப்புள்ள கெபாசிட்டரைப் பெயர்த்து இங்கே வைத்தார். அந்த அலமாரி முழுக்க அப்படிப்பட்ட போர்டுகள். தாங்கள் ஓடாவிட்டாலும் எத்தனையோ லேப்டாப்பை ஓட வைத்திருக்கின்றன. உறுப்பு தானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மறுபடி 19 வோல்ட். 0.02. மூச்சு வந்துவிட்டது! சுவிட்ச். 0.2… 0.5… 0.9… 1.4… ஃபேன் சுழன்றது. நான் கை தட்டிவிட்டேன். ஸ்டூடியோக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

அழிரப்பருக்கும் ஒரு மகிமை

எல்லாமே இவ்வளவு பெரிய துப்பறியும் கதை இல்லை. மதியம் ஓர் அம்மா மகனோடு வந்தார். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த மகளுக்குக் கிடைத்ததாம். இப்போது தம்பி அதில்தான் படிக்கிறான். ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. அண்ணன் ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். துகளைத் துடைத்து மாட்டினார். திரை வந்துவிட்டது! கரும்பச்சையாய்ப் படிந்திருந்த அழுக்குதான் காரணம். பையன் தன் பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை என்னென்ன என்று கேட்டேன். சோல்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

லேப்டாப் வரவில்லையா? வேறு பிளக்கில், முடிந்தால் அதே அளவுள்ள வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்ததும் எழுந்துவிடுகிற லேப்டாப்புகள் உண்டு. பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். திரை கறுப்பா? டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது. டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் பாருங்கள். பீப் சத்தமோ விளக்குச் சிமிட்டலோ வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வாயைத் திறந்து சொல்வதே அதுதான்.

பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும். உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். டீ கொட்டிவிட்டால்? சார்ஜரைப் பிடுங்கி, சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைக்காதீர்கள். டீயில் இருக்கும் சர்க்கரையையும் பாலையும் அரிசி எடுக்காது. அவை உள்ளேயே தங்கிப் பாதைகளை அரித்துவிடும். ஒருமுறை ஆன் செய்து பார்க்கலாமே என்று மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள்.

“எல்லாத்துக்கும் மேல, டீ கொட்டுச்சுன்னா கொட்டுச்சுன்னு சொல்லிடுங்க. திட்டமாட்டோம். எங்க தேடணும்னு தெரிஞ்சா ஒரு மணி நேரம் மிச்சம்.”

சாயங்காலம் ஸ்டூடியோக்காரர் கிளம்பினார். இட்லித் தட்டின் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, லேப்டாப் பழையபடி முழுசாகியிருந்தது. அண்ணன் பில் எழுதி, பழுதான அந்தக் கெபாசிட்டரை ஒரு செல்லோ டேப்பில் ஒட்டி, பில்லின் மூலையில் பதித்துக் கொடுத்தார். “இதுதான் சார் நின்ன இடம்.”

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பில்லை நான்காக மடித்து, செல்லோ டேப் கசங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

கவுன்ட்டரில் அடுத்த குரல் கேட்டது. “அண்ணே, நேத்து வரைக்கும்…”

நான் நாற்காலியை மைக்ராஸ்கோப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.