அப்பாவின் காதுக்கு வந்த ஒலி: கம்பியில்லா ஹெட்ஃபோனும் தொலைக்காட்சியும்

இரவு மணி ஒன்பதரை. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் தூங்கப் போய்விட்டான். சாப்பாட்டு மேசையில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரவேற்பறையில் அப்பா தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒலியளவு 42 என்று காட்டியது. எங்களுடையது வரிசை வீடு. அந்த மாமியார் மருமகள் சண்டை, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

"அப்பா, கொஞ்சம் குறைச்சிக்குங்களேன், பையன் தூங்குறான்" என்றேன். 20க்குக் குறைத்தார். ஐந்து நிமிடத்தில் தொலைக்காட்சியை அடைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். "சத்தம் கேக்குதுய்யா, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்பது மட்டும்தான் அவர் சொன்னது. அடுத்த மூன்று நாட்கள் தொலைக்காட்சிப் பக்கமே அவர் வரவில்லை.

அப்பாவுக்கு வயது 71. ரப்பர் தொழிற்சாலையில் 28 ஆண்டுகள் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்தவர். அவர் சொன்ன அந்த ஒரு வரியில் ஓர் அறிவியல் பாடமே இருக்கிறது.

உயிர் கேட்கும், மெய் கேட்காது

நம் பேச்சில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ச, ட, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. வயதாகும்போது காது முதலில் இழப்பது இந்த உயர் அதிர்வெண்களைத்தான். பல ஆண்டுகள் இயந்திர இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் அளவில் இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும்.

பட்டம், கட்டம், சட்டம், தட்டம் ஆகிய நான்கு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். முதல் மெய் மங்கிவிட்டால் நான்கும் ஒன்றுபோலவே கேட்கும். ஒலியளவைக் கூட்டினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் உயிரொலியும் பின்னணி இசையும்தான் மேலும் பெரிதாகும். அப்பா 42 வரை போனதற்கும், அப்போதும் பாதிதான் புரிந்ததற்கும் இதுவே காரணம்.

அறையும் ஒத்துழைப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டர் தள்ளி உட்காருபவரை வந்தடைவதற்குள் பேச்சு மெலிந்துவிடுகிறது. அதோடு காற்றாடிச் சத்தமும், ஓடு பதித்த தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கலந்துவிடுகின்றன. ஹெட்ஃபோன் இந்த மூன்று மீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் குறைக்கிறது. அதனால்தான் குறைந்த ஒலியிலும் பேச்சு தெளிவாகிறது. அடுத்தவருக்குத் தொல்லை இல்லை என்பது கூடுதல் இலாபம்.

இணைப்பது எளிது

அந்த வாரமே கம்பியில்லா ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். இன்றைய திறன் தொலைக்காட்சிகள் பலவற்றில் புளூடூத் வசதி உண்டு. முதலில் ஹெட்ஃபோனின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு மின்னத் தொடங்கினால் அது இணைப்புக்குத் தயார். தொலைக்காட்சியில் அமைப்புகளுக்குள் சென்று, ஒலி, ஒலி வெளியீடு, புளூடூத் என்ற வரிசையில் தேடுங்கள். கூகள் டிவி வகைகளில் ரிமோட், துணைக்கருவிகள் என்ற பகுதிக்குள் இது இருக்கும். பட்டியலில் ஹெட்ஃபோனின் பெயர் வந்ததும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

பெயர் வரவில்லையா? ஹெட்ஃபோன் உங்கள் கைப்பேசியோடு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். கைப்பேசியின் புளூடூத்தை அடைத்துவிட்டு மறுபடியும் முயலுங்கள். ஆஸ்ட்ரோ பெட்டி வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். பெட்டியின் ஒலி எச்டிஎம்ஐ கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்குத்தான் வருகிறது. ஆகவே தொலைக்காட்சியை ஹெட்ஃபோனோடு இணைத்தாலே போதும்.

அப்பா மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. பத்து நிமிடம் கழித்து முகம் சுருங்கியது. "வாய் முன்னால போகுது, பேச்சு பின்னால வருது" என்றார்.

பேச்சு ஏன் பிந்துகிறது?

மறுநாள் நான்காம் படிவ மாணவர்களிடம் இதையே கேட்டேன். "ரேடியோ அலை மெதுவாப் போகுதா சார்?" என்றான் ஒருவன். நல்ல ஊகம்தான், ஆனால் தவறு. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. மூன்று மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் பத்து கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். தாமதம் பயணத்தில் இல்லை, பயணத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகளில் இருக்கிறது.

குறுந்தட்டுத் தரத்தில் உள்ள ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1411 கிலோபிட் தகவலைக் கொண்டது. புளூடூத்தின் அடிப்படைக் குறிமுறையான எஸ்பிசி இதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையோ நெரிசலானது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இருக்கின்றன. மோதலைத் தவிர்க்க, புளூடூத் 79 தடங்களுக்கு இடையே விநாடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. அப்படியும் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். அவற்றை மறுபடியும் அனுப்ப வேண்டும்.

அந்த இடைவெளியில் ஒலி அறுந்துவிடாமல் இருக்க, ஹெட்ஃபோன் கொஞ்சம் தகவலைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்கும். நம் வீட்டு மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் நின்றாலும் குளியலறைக் குழாய் நிற்காது. ஆனால் நீங்கள் குளிக்கும் தண்ணீர் சற்று முன்னரே தொட்டிக்கு வந்தது. தொட்டி பெரிதாக இருந்தால் தடை குறையும், தாமதம் கூடும். எஸ்பிசி முறையில் இந்தத் தாமதம் பொதுவாக 150 முதல் 250 மில்லிவிநாடி வரை இருக்கும்.

கால் விநாடிகூட இல்லையே என்று தோன்றலாம். பாட்டு கேட்கும்போது தெரியாது. படம் பார்க்கும்போது தெரியும். ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலும், 125 மில்லிவிநாடி பிந்தினாலும் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பிந்துவதை மூளை ஓரளவு பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் இயற்கைதான். திடலில் 100 மீட்டர் தொலைவில் ஒருவர் பந்தை உதைத்தால், காட்சி உடனே தெரியும். சத்தம் ஏறத்தாழ 0.3 விநாடி கழித்து வரும். ஒலி பிந்துவது மூளைக்குப் பழக்கமானது. ஒலி முந்துவது இயற்கையில் இல்லாதது.

ஆனால் கேட்கும் திறன் குறைந்தவருக்குக் கணக்கு வேறு. காது தவறவிட்ட மெய்யொலியைக் கண் பிடித்துக்கொடுக்கிறது. உதடு மூடித் திறந்தால் 'ப', நாக்கு பல்லைத் தொட்டால் 'த' என்று அவர்கள் தம்மை அறியாமலேயே வாயைப் படிக்கிறார்கள். உதடும் ஒலியும் பிரிந்துவிட்டால் அந்த உதவியும் போய்விடும். ஹெட்ஃபோன் யாருக்கு மிகவும் தேவையோ, அவரைத்தான் இந்தத் தாமதம் அதிகம் பாதிக்கிறது. "கேக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று நான் அப்பாவிடம் கேட்டிருந்தால் அது என் அறியாமையாக இருந்திருக்கும்.

நீங்களே அளந்து பாருங்கள்

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. யாராவது கைதட்டும் காட்சியைத் தொலைக்காட்சியில் ஓட விடுங்கள். முதலில் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, கைப்பேசியில் காணொளி எடுங்கள். பிறகு ஹெட்ஃபோனை இணைத்து, அதன் ஒரு காதுப் பகுதியைக் கைப்பேசியின் ஒலிவாங்கி அருகே பிடித்துக்கொண்டு இன்னொரு காணொளி எடுங்கள். காணொளித் தொகுப்புச் செயலியில் இரண்டையும் திறந்து, கை சேரும் சட்டத்துக்கும் ஒலியலை எழும் சட்டத்துக்கும் இடையே எத்தனை சட்டங்கள் என்று எண்ணுங்கள். விநாடிக்கு 30 சட்டங்கள் என்றால், ஒரு சட்டம் 33 மில்லிவிநாடி. இரண்டாவது எண்ணிக்கையிலிருந்து முதலாவதைக் கழித்தால் ஹெட்ஃபோனின் தாமதம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் ஏழு சட்டங்கள் வந்தன. ஏறத்தாழ 230 மில்லிவிநாடி.

தாமதத்தைக் குறைக்கும் வழிகள்

முதலில் செலவில்லாத வழி. சில தொலைக்காட்சிகளில் ஒலி, பட ஒத்திசைவு அமைப்பு உண்டு. அது படத்தைச் சற்றே நிறுத்தி ஒலியோடு சேர்க்கும் வகை என்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பலவற்றில் இந்த அமைப்பு ஒலியை மட்டுமே தள்ளிப்போடும். அப்படியானால் அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பிந்தும் ஒலி இன்னும் பிந்தும்.

அடுத்தது, தாமதம் குறைந்த குறிமுறை. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் தாமதம் 40 மில்லிவிநாடி அளவுக்கு இறங்கும். ஆனால் அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டும் பழைய எஸ்பிசிக்கே திரும்பிவிடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, தொலைக்காட்சிக்கென்றே செய்யப்பட்ட, அனுப்பும் தளத்தோடு வரும் ஹெட்ஃபோன். தொலைக்காட்சியின் பின்னால் உள்ள ஒளியிழைத் துளையில் தளத்தைச் செருக வேண்டும். தளமும் ஹெட்ஃபோனும் தமக்கென உள்ள ரேடியோ முறையில் பேசிக்கொள்வதால் தாமதம் மிகக் குறைவு. புளூடூத் இல்லாத பழைய தொலைக்காட்சிக்கும் இது பொருந்தும். நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

ஆனால் முதல் நாள் மாலை முழுவதும் ஒரு சத்தமும் வரவில்லை. கம்பியின் நுனியில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்ததை நான் கழற்றவில்லை. கழற்றிய பிறகும் மௌனம்தான். தொலைக்காட்சி டோல்பி முறையில் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. தளத்துக்கு அந்த மொழி புரியவில்லை. ஒலி அமைப்பில் எண்ணிம வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றியதும் பேச்சு வந்துவிட்டது. இந்த இரண்டையும் பார்க்காமல் கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நானும் அன்று கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

மறுபடியும் அளந்தேன். ஒரே ஒரு சட்டம்.

எவ்வளவு ஒலி பாதுகாப்பு?

காதருகே ஒலி வரும்போது அளவு தெரிய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த வரம்பின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவில் இருப்பதால், அமைதியான வீட்டில் 80ஐத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. அப்படியும் போதவில்லை என்றால், பார்க்க வேண்டியது ஹெட்ஃபோனை அல்ல, காதை.

அறுபது வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்பாவை கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் முதலில் செய்தது இரு காதுகளிலும் இருந்த குறும்பியை எடுத்ததுதான். அதிலேயே கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு அரசாங்க மருத்துவமனையில் செவிப்புலன் சோதனை. வரைபடத்தில் கோடு 2000 ஹெர்ட்ஸ் வரை மெல்லச் சென்று, 4000 அருகே பள்ளத்தில் இறங்கியது. இப்போது செவித்துணைக் கருவிக்காகக் காத்திருக்கிறோம். ஹெட்ஃபோன் அதற்கு மாற்று அல்ல. தொலைக்காட்சி முன்னால் மட்டும்தான் அது உதவும்.

தனியாகக் கேட்பது, தனியாக இருப்பதல்ல

முதலில் வாங்கிய புளூடூத் ஹெட்ஃபோனில் இன்னொரு குறையும் இருந்தது. அதை இணைத்ததும் எங்கள் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி ஊமையானது. அப்பா தனியாகச் சிரித்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்பு சத்தம் தாங்காமல் விலகினோம். இப்போது சத்தமே இல்லாமல் விலகிவிட்டோம். சில தொலைக்காட்சிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கும் அமைப்பு உண்டு. ஒலி அமைப்பிலோ உதவி வசதிகள் பகுதியிலோ தேடிப் பாருங்கள். ஒளியிழைத் துளை வழியாகச் சென்றால், பல தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கியும் சேர்ந்தே இயங்கும்.

இப்போது எங்கள் வீட்டு ஒலிபெருக்கி 12இல் இருக்கிறது. அப்பாவின் ஒலியளவு அவர் கையில். எல்லாரும் ஒரே காட்சிக்கு ஒரே நேரத்தில் சிரிக்கிறோம். நேற்று நானும் மனைவியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அப்பா திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா, நாடகம் ஓடுதுல்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒலியளவை 40க்கு மேல் வைத்தால், குறைக்கச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சத்தம் கேட்கிறதா, பேச்சு புரிகிறதா? பதிலில் வேறுபாடு இருந்தால், ரிமோட்டை விட்டுவிட்டுக் காதைக் கவனியுங்கள்.