ரத்தக் கொதிப்பு: காலாப்பட்டில் அன்றும் இன்றும்

ஒரு தலைமுறைக்கு முன் புதுச்சேரியின் காலாப்பட்டு மீனவர் தெருக்களில், ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததே அவர் விழுந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். கை கால் இழுத்துக்கொண்டது என்பார்கள். வண்டி பிடித்து ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். இன்று ஊரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் பல வீடுகளில், டி.வி. மேசைமேல் அம்லோடிபின் என்ற கொதிப்பு மாத்திரையின் அட்டை ஒன்று கிடக்கிறது. 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. அரசு சுகாதார நிலையத்தில் அது இலவசம்.

அந்தச் சிறு மாத்திரை வேலை செய்யும் இடம் ரத்தக் குழாயின் சுவர். அங்குள்ள தசைச் செல்லுக்கு வெளியே, உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு கால்சியம் காத்திருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கால்வாய்தான் அதற்கு மதகு. மின்னழுத்தம் மாறும்போது மதகு திறக்கிறது, கால்சியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது, குழாய் குறுகுகிறது. உள்ளே வந்த கால்சியம் கால்மோடுலின் என்ற சிறு புரதத்தோடு சேர்ந்து, தான் வந்த வழியையே அடைக்கவும் செய்கிறது. கால்வாய் தானாக மூடிக்கொள்ளும் இயல்பு பிறவியிலேயே கெட்டுப்போனால் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் புரளும். டிமோதி நோய்க்குறி என்ற அரிய நோய் அப்படிப்பட்டது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டது.

இதெல்லாம் தெரியாத காலத்திலும் கொதிப்புக்கு மருந்து இருந்தது. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். உலகம் நம் வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அழுத்தம் இறங்கியது உண்மை. சிலருக்கு மனமும் சேர்ந்து இறங்கியது. காரணம் தெரியாத சோர்வில் மூழ்கினார்கள். கால்வாயை நேராகத் தொடும் மருந்துகளுக்கு வழி திறந்தவர் ஜெர்மனியின் பிரைபர்க்கில் இருந்த ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன். 1964 வாக்கில், சில மருந்துகள் கால்சியத்தின் வேலையைத் தடுத்தே இதயத்தை இளக்குகின்றன என்று அவர் கண்டார். 1970-களில் நிஃபெடிபின் கடைக்கு வந்தது.

நிஃபெடிபின் காலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அழுத்தம் 200-ஐத் தொட்டவர் வந்தால், மருந்துக் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் சொட்டவிடுவார்கள், அல்லது கடித்து விழுங்கச் சொல்வார்கள். அரை மணிக்குள் பாதரசம் சரசரவென்று இறங்கும். கூடி நின்ற உறவினர்களுக்கு அது கண்ணெதிரே நடக்கும் அற்புதம். ஆனால் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கும் இதயத்துக்கும் அந்தத் திடீர் இறக்கத்தில் ரத்தம் போதவில்லை. சிலருக்குப் பக்கவாதம், சிலருக்கு மாரடைப்பு. இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று 1996-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் மருத்துவர்களே எழுதினார்கள்.

அம்லோடிபினும் அதே கால்வாயைத்தான் அடைக்கிறது. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மெல்ல ஏறுகிறது, உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. யாருக்கும் அற்புதமாகத் தெரியாத மருந்து இது, அதனாலேயே எனக்கு இதன்மேல் மதிப்பு. குறையும் உண்டு. சின்னத் தமனிகள் விரியும் அளவுக்குச் சிரைகள் விரியாததால் கணுக்காலில் நீர் கசிந்து வீங்கும். செருப்பு இறுக்குகிறது என்று சொல்லிப் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைத்தால், அல்லது டெல்மிசார்டான் போன்ற இன்னொன்றைச் சேர்த்தால், வீக்கம் பெரும்பாலும் வடியும். இதை நோயாளிக்குச் சொல்லும் இரண்டு நிமிடம் எல்லா வரிசையிலும் கிடைப்பதில்லை.

“கால்சியத்தைத் தடுக்குற மாத்திரையாமே, தம்பி? அப்போ என் முட்டி எலும்பு என்னாவுறது?” என்று மீன் விற்கும் அம்மா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உணவிலிருந்து கால்சியம் குடல் சுவருக்குள் நுழையும் வாசல் வேறு, வைட்டமின் டி சொல்படி நடப்பது. பிரஷர் மாத்திரை அதன் பக்கம் போவதில்லை.

இந்தக் கால்வாயைப் பற்றிய அறிவும் அம்லோடிபினைப்போல் மெல்லத்தான் நகர்ந்தது. 1953-இல் பால் ஃபாட்டும் பெர்னார்ட் காட்ஸும் நண்டின் தசையில் மின்னோட்டம் அளந்தபோது, சோடியம் இல்லாமலும் தசையில் மின்துடிப்பு எழுவதைக் கண்டு வியந்தார்கள். அதற்குக் காரணம் கால்சியம் என்று பிறகுதான் உறுதியானது. 2019-இல் நிஃபெடிபின் இந்தக் கால்வாய் வகையில் எங்கே ஒட்டுகிறது என்பதையே உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும்போது அட்ரினலின் கால்வாயையே நேராக மாற்றுகிறது என்று பல ஆண்டுகள் பாடம் சொன்னது. மாறாக, அருகில் காவல் நிற்கும் ராட் என்ற புரதத்தை அது விலக்குகிறது என்று 2020-இல் தெரிந்தது.

தெருவில் மாறியது வேறு. கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட தோள்கள் இன்று ஃபைபர் படகின் எஞ்சினைப் பிடித்திருக்கின்றன. உயிரைக் காத்த மாற்றம் அது, யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். கருவாட்டு உப்பு அன்றும் இருந்தது. இன்று ஊறுகாய், சிப்ஸ், சாலையோரப் புரோட்டா சால்னா என்று அது பல வழிகளில் வருகிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

மாத்திரை வாங்க மாதம் தவறாமல் வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள், உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில், தங்களுக்குக் குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு நாள் மறந்தால் அம்லோடிபின் தாங்கும். ஒரு வாரம் விட்டால் தாங்காது. கால்வாய்கள் பழையபடி திறக்கும், வலியோ தலைசுற்றலோ எதுவும் சொல்லாமல்.