கைவேலைக்கு விலை சொல்லும் துணிவு

பசறைப் பட்டினத்தைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், மாலை வேளையில் லயங்களின் வாசலிலே சற்று நின்று பார்ப்போமாயின், மலையேறிக் களைத்த கைகள் அப்பொழுதும் ஓய்ந்திராமை கண்ணிற்படும். ஒரு தாய் வயர்க் கூடை பின்னுவாள். மகள் கொக்கியூசி கொண்டு மேசை விரிப்புப் பின்னுவாள். அடுத்த வீட்டுப் பாட்டி பேரப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டிருப்பாள். வேலைப்பாட்டில் குறை சொல்ல இயலாது. ஆனால், "இந்தக் கூடை என்ன விலை?" என்று யாரேனும் வினவினால் அத்தாயின் முகம் கவிழ்ந்துவிடுகிறது. "நீங்களே பாத்துக் குடுங்க அக்கா" என்பதே அவள் விடை.

இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? இதனைப் பெண்மைக்குரிய நாணமென்று நாம் போற்றிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாக அவள் பறித்த கொழுந்தைப் பிறரே நிறுத்தனர். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் பிறரே கழித்தனர். முழுப் பேரா, அரைப் பேரா என்பதையும் பிறரே எழுதினர். தன் உழைப்பின் விலையைத் தன் வாயால் கூறும் வாய்ப்பு அவளுக்கு எப்பொழுது கிட்டியது?

இன்றோ, கைத்தொலைபேசி லயத்துக் காம்பராவிற்குள்ளும் வந்துவிட்டது. பசறையில் பின்னிய கூடையின் படத்தைக் கொழும்பிலுள்ளோரும் கடல் கடந்து வாழ்வோரும் அந்நொடியே காணலாம். கடைத்தெரு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது எனலாம். எனினும், விலை சொல்லக் கூசுபவளுக்கு எந்தக் கடைத்தெருவும் பயன்படாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கன்றோ!

பம்பாயில் 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஏழு பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிற் கூடி அப்பளம் இட்டனர். அவர்களுடைய மூலதனம் கடனாகப் பெற்ற 80 ரூபா. முதல்நாள் தேறியவை நான்கே பொட்டலங்கள். அவற்றை அறிந்த வணிகர் ஒருவரிடம் விற்றனர். நட்டமே வரினும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. 'லிஜ்ஜத்' என்னும் பெயருடன் இன்று பல்லாயிரம் பெண்களுக்குத் தொழில் தரும் நிறுவனம் இவ்வாறே பிறந்தது. நாம் உற்று நோக்கவேண்டியது யாதெனில், துணிவு வந்தபின் அவர்கள் விற்கத் தொடங்கவில்லை என்பதே. நான்கு பொட்டலங்களை விற்றமையால் ஐந்தாவதற்குத் துணிவு வந்தது.

அத்துணிவுக்கு அடிப்படை கணக்கு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கூடைக்கு வயரும் கைப்பிடியும் 800 ரூபா என்று கொள்வோம். மூன்று மாலைகளில் மும்மூன்று மணியாக ஒன்பது மணிநேரம் செல்கிறது. மணிக்கு 150 ரூபாவாயின் கூலி 1,350 ரூபா. பொதி கட்டுவதற்கும் தொலைபேசிக்கும் 150 ரூபா. ஆக அடக்கவிலை 2,300 ரூபா. இதனை 1,000 ரூபாவிற்குக் கொடுப்பவள், பிற செலவுகளை ஏற்றபின், ஒன்பது மணிநேர உழைப்புக்கு வெறும் 50 ரூபா பெறுகிறாள்! அவ்விலைக்கு வாங்குவோர் இலரேல், கூலியைக் குறைப்பது வழியன்று. விரைவில் முடியும் சிறு பொருளையோ, எங்கும் கிடைக்காத புதுக் கோலத்தையோ தேர்ந்துகொள்ளுதலே வழி.

இங்கே பள்ளி மாணவர் செய்யக்கூடிய உதவி பெரிது. பகல் வெளிச்சத்தில், வெறுஞ்சுவரைப் பின்னணியாக்கிப் படமெடுக்கலாம். நீளம், அகலம், நிறம், தபாற்செலவு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதித் தரலாம். செய்தவர் பசறைத் தோட்டத்துப் பெண் என்பதையும் மறைக்கவேண்டாம். தேயிலை சூழ்ந்த நீலகிரியிலே வாழும் தோடர் மகளிர், வெள்ளைத் துணியிற் சிவப்பும் கறுப்புமாக இழைக்கும் பூவேலை, 2013இல் அவ்வினத்தின் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றதை நினைவிற் கொள்வோம். மண்ணின் பெயர் பொருளுக்குப் பெருமையே தவிர இழிவன்று.

எச்சரிக்கையும் வேண்டும். பணம் அனுப்புவதாகக் கூறி வங்கி அட்டையின் இரகசிய எண்ணையோ, தொலைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ கேட்பவரிடம் அவற்றைச் சொல்லவே கூடாது. குறிப்பிட்ட நாளில் அனுப்ப இயலாதென்றால் முன்னரே அறிவித்துவிடவேண்டும். ஒருவர் குறை கூறினால் உள்ளம் சோர்ந்துவிடலாகாது. குறை நியாயமாயின் திருத்துவோம். அது பொருளைப் பற்றிய சொல்லேயன்றிச் செய்தவளைப் பற்றிய தீர்ப்பன்று.

முதல் விற்பனை உறவினரிடமே நிகழட்டும். ஆயினும் இலவசமாக வேண்டாம். அடுத்த முறை "என்ன விலை?" என்று கேட்கும்போது, அத்தாய் கூடையைக் கீழே வைத்து, கேட்பவரின் முகத்தை நோக்கி, தான் கணக்கிட்ட தொகையைச் சொல்லட்டும். வாங்குபவர் மறுத்துச் செல்லவுங்கூடும். சென்றாலும் கூடை அவளிடமே இருக்கிறது. அதன் விலையும் இப்போது அவளுக்குத் தெரியும்.