பழைய படம், யாருடைய உரிமை?

பழைய புகைப்படத்தின் பதிப்புரிமையை அறிய, முதலில் அதன் வயது தெரிய வேண்டும். அதற்கான தடயம் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடப்பதாகத் தெரிந்தால், அது 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மேற்கொண்ட சீரமைப்புக்கு முந்தைய காட்சி. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த மதுரைப் படங்கள் அத்தகையவை. பழைய படத்தைப் பின்னாளில் மறுபடி அச்சிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். உண்மைதான், தாளும் அச்சும் அந்தப் பிரதியின் வயதைத்தான் சொல்லும், படம் பிடித்த காலத்தைக் காட்சிதான் காட்டிக்கொடுக்கும்.

இனி உரிமைக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், புகைப்பட உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடித்தது. இப்போது எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ட்ரைப் 1902-இல் மறைந்தார். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் படங்களின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. மூலப்பிரதி ஒரு நூலகத்தின் வசம் இருக்கிறதே என்றால், பிரதியை வைத்திருப்பது வேறு, பதிப்புரிமை வேறு. உரிமையைக் கணக்கிட எடுத்தவரும் ஆண்டும் தெரிய வேண்டும். ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறம் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள்.