தாம்பரம் சானடோரியமும் ஒரு தடுப்பு மாத்திரையும்

1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியம், பிற்காலத்தில் எச்.ஐ.வி.யால் பீடிக்கப்பட்டோருக்கும் புகலிடமாகி, 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளுள் ஒன்றாயிற்று என்பதைப் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வசிப்போர் பலர் இன்று நினைப்பதில்லை. எச்.ஐ.வி. நோயாளர்க்கு அளிக்கப்படும் டெனோஃபோவிர் என்னும் மருந்தையே, எம்ட்ரிசிடபினோடு சேர்த்து, நோயற்றவர் நாள்தோறும் ஒரு மாத்திரையாகத் தவறாது உட்கொண்டால், உடலுறவினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய முற்றிலும் தடைப்படும். 'பிரெப்' என வழங்கும் இம்முறையை, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே பரிந்துரைத்தது. தொடங்குமுன் தொற்று இல்லையென்பதையும் சிறுநீரகத்தின் நிலையையும் சோதித்தறிந்து, மும்மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். பிற பால்வினை நோய்களை அது தடுக்காது.

மருந்தோ நம் தேசத்திலேயே உற்பத்தியாவது; ஆயினும் பலர் கைப்பணம் கொடுத்தே வாங்குகின்றனர். அதனினும் கொடிய தடை வெட்கம். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் கடுமையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் நீக்கிய பின்னரும், தன் தெரு மருந்துக்கடையில் இம்மாத்திரையின் பெயரை உச்சரிக்க அஞ்சி, மின்சார ரயிலேறி, தன்னை யாரும் அறியாத இடம் தேடிச் செல்லும் இளைஞனை நினைக்கையில் என் நெஞ்சம் கனக்கிறது. அவனுடைய அந்தரங்கத்தைக் குடைந்து விசாரியாமல், ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பரிவோடு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் அவன் வீட்டருகிலேயே இருக்க வேண்டும்.