பழவேற்காட்டுக்கு சைக்கிளில் போவோமா?



பொங்கல் விடுமுறை வருகிறது. நீங்கள் மீஞ்சூரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏறத்தாழ 30 கி.மீ. தூரம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் இருக்கிறது. தை மாதத்தில் பூநாரைகளைப் பார்க்கலாம். 1613-இல் டச்சுக்காரர்கள் அமைத்த கெல்டிரியா கோட்டையின் எச்சங்களையும் பார்க்கலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சைக்கிளிலேயே போய் வந்தால் என்ன?

"வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கண்ட சாமான்களையெல்லாம் பையில் அடைத்துக்கொள்வது இதற்குப் பதில் ஆகாது. வண்டியின் எந்த உறுப்பு, எதனால் கெடும் என்று தெரிந்துகொண்டால் சிறிய பையே போதும்.

5,500 சுற்றுகள்

உங்கள் வண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் நகர்வீர்கள். 30 கி.மீ. போக ஏறத்தாழ 5,500 முறை மிதிக்க வேண்டும். திரும்பி வர மீண்டும் அத்தனை!

செயினில் எண்ணெய் இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதியிலும் உங்கள் உழைப்பில் ஒரு பங்கு உராய்வில் வீணாகிறது. எனவே ஒரு வாரம் முன்னதாகவே வண்டியை ஓவராயில் செய்துவிடுங்கள். கடைக்காரர் ஹப்பைப் பிரித்து பால்ரஸ் குண்டுகளுக்குப் புது கிரீஸ் வைப்பார். சக்கரத்தில் கோட்டம் எடுப்பார். அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இதைச் செய்யாதீர்கள். புதிதாக முறுக்கிய நட்டு தளர்கிறதா என்று இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா?

பிரேக்கில் வந்த புகை

1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற பகுதியில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பாதை சுமார் 3 கி.மீ. நீளம், இறக்கம் 400 மீட்டர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்பிலேயே பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூடாகிப் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆகவே அந்தப் பாதைக்கே 'மீண்டும் அடை' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்தது. இன்றைய மலைச் சைக்கிள் விளையாட்டு வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஏன் அவ்வளவு சூடு? ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 400 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 80 × 10 × 400 = 3,20,000 ஜூல். ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்று எடுத்துக்கொண்டது போக மீதியில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது.

பழவேற்காட்டுச் சாலையில் மலை இல்லை. ஆனால் மீஞ்சூர்ச் சாலைகளில் கனரக லாரிகள் உண்டு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கட்டை ரிம்மின் மேல் மட்டும் பதிய வேண்டும், டயரைத் தொடக்கூடாது. ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். என்றைக்காவது 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் போனால் ரீபேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், இடையிடையே நின்று சூடு ஆறவிடுங்கள்.

பையில் என்ன?

கைப்பம்பு, மாற்று டியூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் ரப்பர், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லீவர் இரண்டு, ஸ்பானர், பழந்துணி. பழைய வகை வால்வு என்றால் ஒரு துண்டு வால்டியூபும் வேண்டும். இவை இருந்தும் பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால் பயனில்லை. வீட்டிலேயே ஒருமுறை ஒட்டிப் பழகுங்கள்.

கட்டும் முறையிலும் அறிவியல் இருக்கிறது. பையைக் கேரியரின் மேல் உயரமாகக் கட்டி, வண்டியைக் கையால் சற்றே சாய்த்துப் பாருங்கள். பிறகு அதே பாரத்தை இரண்டாகப் பிரித்து, சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது எளிது என்பதைக் கையே சொல்லிவிடும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய வார் இழுத்துக் கட்ட உதவும். அதன் நுனி போக்ஸ் கம்பியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர் கட்டாயம். வழிக் கிணறுகளை நம்ப வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. இதே மீஞ்சூரின் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது.

காற்றைக் கேட்டுக் கிளம்புங்கள்

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கிறீர்கள். எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் உங்கள்மேல் மோதும் காற்றின் வேகம் 30 கி.மீ. ஆகும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்.

பொன்னேரியிலிருந்து பாதை வடகிழக்கே, கடலை நோக்கிச் செல்கிறது. அதிகாலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். வெயில் ஏறியதும் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வரும். தை மாதத்தில் வடகிழக்குக் காற்றும் அதனுடன் சேரும். விடிந்தவுடன் கிளம்பினால் காற்று வலுக்குமுன் போய்ச் சேரலாம். பிற்பகலில் திரும்பும்போது, எதிரியாக நின்றிருக்க வேண்டிய காற்றே முதுகைத் தள்ளிவிடும்!

திரும்பிய பிறகு

பயணம் வீட்டு வாசலில் முடிவதில்லை. கடற்காற்றிலுள்ள உப்பு வண்டியில் படிந்திருக்கும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு வேகமாகப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

சந்தேகமா? மூன்று தம்ளர்களில் மூன்று இரும்பு ஆணிகளைப் பாதி மூழ்கும்படி வையுங்கள். முதலாவதில் நல்ல தண்ணீர், இரண்டாவதில் உப்பு நீர், மூன்றாவதிலும் உப்பு நீர். ஆனால் இந்த ஆணிக்கு மட்டும் முன்னதாகக் கிரீஸ் தடவிவிடுங்கள். ஒரு வாரம் கவனித்துக் குறித்து வாருங்கள். எந்த ஆணியைப்போல உங்கள் செயின் இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.