மாலைக்கண் நோயும் மதுரைக் குழந்தைகளும்

பொழுது சாய்ந்தபின் மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாமல் போவது மாலைக்கண் எனப்படும். குழந்தைகளுக்கு இது வருவதற்கு முதன்மையான காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. நோய் முற்றினால் பகல் பார்வையும் போய்விடும். இவ்வாறு கண் பாதித்த குழந்தைகளுக்காக 1970-களில் மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் இயங்கியது.

கண்ணில் நடப்பது

குறைந்த ஒளியில் பார்க்க உதவுபவை விழித்திரையில் உள்ள கோல் வடிவச் செல்கள். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி உருவாக வைட்டமின் ஏ தேவை. உடல் இந்தச் சத்தைக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. சேமிப்பு கரையும்போது முதலில் அடிபடுவது இரவுப் பார்வை.

இருட்டில் தெரியவில்லை என்று சொல்ல இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்தில் விளையாட்டை விட்டுவிட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடும். பழகிய வாசற்படியிலேயே இடறும். தாயோ பாட்டியோ கவனித்தால்தான் உண்டு. மருத்துவரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

அடுத்ததாக வெண்விழி வறண்டு மினுமினுப்பை இழக்கிறது. கருவிழியின் ஓரமாக, பெரும்பாலும் காதுப் பக்கத்தில், சோப்பு நுரை ஒட்டியதுபோல் சாம்பல் வெண்மையான திட்டுகள் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிட்டோ 1863-இல் இவற்றை விவரித்ததால் பிட்டோ புள்ளிகள் என்று பெயர். இந்தக் கட்டம்வரை பார்வையைக் காப்பாற்றிவிடலாம். வைட்டமின் ஏ கொடுத்தால் இரவுப் பார்வை ஓரிரு நாளிலேயே திரும்பத் தொடங்கும்.

கருவிழி வறண்டு புண்ணாகிவிட்டால் நிலைமை வேறு. ஏற்கெனவே சத்துக் குறைந்த குழந்தைக்குத் தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் சில நாட்களிலேயே கருவிழி குழைந்து உருகிவிடக்கூடும். பிழைத்த குழந்தைக்கு வெள்ளை வடு மிஞ்சும். அம்மை இறங்கிக் கண் போனது என்று கிராமங்களில் சொல்லப்பட்ட கதைகள் பலவற்றின் பின்னால் இந்தச் சத்துக் குறைவு இருந்திருக்க வேண்டும்.

எர்ஸ்கின் மருத்துவமனையின் மையம்

அக்காலத்தில் இம்மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மருத்துவர் ஜி. வெங்கடசாமி (1918–2006). ஓய்வுபெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் இவரே. கண்புரை அறுவை சிகிச்சைக்காக உலகம் அவரை அறிந்திருக்கிறது. குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக அவர் செய்த பணி அவ்வளவு பேசப்படுவதில்லை.

வைட்டமின் ஏ கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றி அனுப்பினாலும், குழந்தை திரும்பிப்போவது அதே வீட்டுக்கு, அதே கஞ்சிக்கு. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் என்ற எண்ணம் பிறந்தது இந்தச் சிக்கலிலிருந்துதான். ஹோசே மரியா பெங்கோவா என்னும் மருத்துவர் 1950-களில் இதை முன்வைத்தார். தாய் குழந்தையோடு தங்கி, தன் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைத்து ஊட்டி, குழந்தை தேறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மதுரை மையத்தின் அனுபவத்தை வெங்கடசாமி, கே. ஏ. கிருஷ்ணமூர்த்தி, பி. சந்திரா, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கண் ஆய்வாளர் ஆன்டாய்னெட் பிரீ ஆகியோர் 1976-இல் 'லான்செட்' இதழில் கட்டுரையாக எழுதினர்.

கொல்லையில் இருக்கும் மருந்து

இந்நோயில் மனத்தை உறுத்தும் முரண் ஒன்று உண்டு. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் முருங்கை மரம் இல்லாத தெரு அரிது. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் நிறைந்திருக்கிறது; உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ-யை உருவாக்கிக்கொள்ளும். அகத்தி, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றிலும் அது உண்டு. ஆனால் சின்னக் குழந்தைக்குக் கீரை செரிக்காது, வயிற்றால் போகும் என்று பல வீடுகளில் கொடுப்பதில்லை. பெரியவர்கள் தட்டில் விழும் கீரை குழந்தையின் கிண்ணத்துக்கு வருவதில்லை.

கொடுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. காம்பு நீக்கி, வேகவைத்து, பருப்போடு நன்றாகக் கடைந்து, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசைய வேண்டும். கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாவிட்டால் பெரும்பகுதி வீணாகும். இலையைச் சேமிக்க வேண்டுமானால் நிழலில் உலர்த்துவது நல்லது, நேர் வெயில் கரோட்டினைச் சிதைக்கும்.

கீரையை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. சுமார் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ மட்டுமே கிடைக்கும் என்பது இன்றைய கணக்கு. நோய் வராமல் தடுக்கக் கீரை போதும்; கண் வறண்டுவிட்ட குழந்தைக்கு மருந்துதான் முதலில். மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் கொடுக்கும் பழைய கைவைத்தியத்தில் உண்மை இருக்கிறது: ஈரலில் இருப்பது நேரடியான வைட்டமின் ஏ.

ஊர் ஊராகச் சென்ற மருந்து

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிக அளவு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட இடம் அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்த அத்திட்டத்தில் வைட்டமின் ஏ-யும் சேர்ந்திருந்தது.

கண்ணுக்கு அப்பாலும் இதன் பயன் நீளுமா என்பதை அரவிந்த் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் ஆராய்ந்தனர். 15,419 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஓர் ஆண்டு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. அவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக 1990-இல் முடிவு வெளியானது. அதே ஆண்டு வெளிவந்த ஹைதராபாத் ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிக அளவு கொடுத்தபோது இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வாராவாரம் சிறிதளவு கிடைப்பது அன்றாட உணவுக்கு நெருக்கமானது என்பதால், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

இன்றைய அட்டவணைப்படி தட்டம்மைத் தடுப்பூசியுடன் 9 மாதத்தில் 1 லட்சம் அலகு, பிறகு 16–18 மாதத்தில் 2 லட்சம் அலகு, அதன்பின் 5 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு என மொத்தம் 9 முறை கொடுக்கப்படுகிறது. அளவு மீறினால் வாந்தியும் தலைவலியும் வரும். ஆகவே கொடுத்த தேதியைத் தடுப்பூசி அட்டையில் குறித்துவைப்பது அவசியம். மாலைக்கண் தெரிந்துவிட்ட குழந்தைக்கு அட்டவணை பொருந்தாது. ஒரு வயதைக் கடந்த குழந்தையானால் அன்றே 2 லட்சம் அலகு, மறுநாள் அதே அளவு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கருவிழி மங்கலாகவோ புண்ணாகவோ தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.